உடைக்காமல் அறிவது: தாமிரபரணிக் கரை வீடுகளும் கல்நார்ச் சோதனையும்

குடியிருக்கும் வீட்டில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கிறதா என்பதை, அந்த வீட்டாருக்குத் தீங்கு நேராமல் எப்படித் தெரிந்துகொள்வது? இந்தக் கேள்விக்கு அரை நூற்றாண்டாகப் பதில்கள் சொல்லப்பட்டு வருகின்றன. அவற்றில் பெரும்பாலானவை லண்டன், வாஷிங்டன், கான்பெரா போன்ற நகரங்களின் அனுபவத்திலிருந்து பிறந்தவை. அந்த நகரங்களில் கல்நார் ஒளிந்திருந்தது. தரைவிரிப்பு ஓடுகளுக்கு அடியிலும், கொதிகலன் குழாய்களைச் சுற்றியும், பூச்சு வேலை செய்த மேற்கூரைகளுக்குள்ளும் அது கலந்திருந்தது. கான்பெராவில் 1968 முதல் 1979 வரை வெப்பத்தைத் தடுப்பதற்காகத் தளர்ந்த கல்நாரையே வீட்டுக் கூரைக்கு அடியில் கொட்டி நிரப்பினார்கள். ஒளிந்திருப்பதைத் தேடிப் பிடிக்கவே அந்த ஊர்களின் சோதனை முறைகள் உருவாயின. பாபநாசத்தில் மலையிறங்கிப் புன்னைக்காயலில் கடல் சேரும் தாமிரபரணியின் இரு கரை ஊர்களிலும் நிலைமை வேறு. இங்கே கல்நார் பெரும்பாலும் தலைக்கு மேல், அலை அலையான சாம்பல் நிற ஷீட்டாக, கண்ணெதிரே இருக்கிறது.

அதனால் கேள்வியும் மாறுகிறது. 'கல்நார் இருக்கிறதா?' என்பதைவிட, 'அது எந்த நிலையில் இருக்கிறது, யார் அதைத் தொடுகிறார்கள், எப்போது உடைபடுகிறது?' என்பதுதான் இங்கே பொருத்தமான சோதனை. ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்ப வேண்டிய தருணங்கள் சில உண்டு. ஆனால் அவை குறைவு. அந்த வேலையையும் வீட்டுக்காரரின் கையில் சுத்தியலைக் கொடுத்துச் செய்யச் சொல்லக் கூடாது. இந்த முடிவுக்கு வருவதற்குமுன், இதுவரை சொல்லப்பட்ட பதில்களை ஒவ்வொன்றாக எடைபோட வேண்டியிருக்கிறது.

ஓலை போய் ஷீட் வந்த வரலாறு

இந்தியாவில் கல்நார் சிமெண்ட் ஷீட் செய்யும் முதல் ஆலை 1934இல் மத்திய இந்தியாவின் கைமூரில் தொடங்கியது. பிறகு ஐதராபாத், போத்தனூர், அரக்கோணம் எனத் தெற்கிலும் ஆலைகள் வந்தன. திருநெல்வேலிக்கு அண்டை ஊரான இராஜபாளையத்தைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரு தொழிற்குழுமமும் இந்தத் துறையில் பெரிதாக வளர்ந்தது. பனையோலையும் தென்னங்கீற்றும் வேய்ந்த குடிசைகள், நாழி ஓட்டு வீடுகள், மங்களூர் ஓட்டு வீடுகள் என்றிருந்த ஊர்களில் ஷீட் ஏன் இவ்வளவு வேகமாகப் பரவியது என்பதைப் புரிந்துகொள்ளாமல் அதைக் குறை சொல்வது நியாயமாகாது. ஓலையை அடிக்கடி மாற்றி வேய வேண்டும்; கரையான் அரிக்கும்; ஒரு பொறி போதும், தெருவே எரியும். ஓட்டுக்கு மரச்சட்டம் நிறைய வேண்டும், மர விலையோ ஏறிக்கொண்டே போனது. ஷீட் எரியாது, துருப்பிடிக்காது, நாலு சுவரும் இரண்டு கம்பிக் குழாயும் இருந்தால் ஒரே நாளில் கூரை முடிந்துவிடும். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் இறந்த பிறகு, பள்ளிகளில் ஓலைக் கூரை கூடாது என்று தமிழக அரசு உத்தரவிட்டது. அந்தத் துயரத்துக்குப் பின் ஓலைக்கு மாற்றாகக் கிடைத்த எதுவும் பாதுகாப்பானதாகவே மக்களுக்குத் தோன்றியிருக்கும்.

ஷீட்டில் பெரும்பகுதி சிமெண்டும் சாம்பலும்தான். எடையில் ஏறத்தாழ 8 முதல் 10 விழுக்காடு கல்நார். இன்று இந்தியாவில் பயன்படுவது வெள்ளைக் கல்நார் எனப்படும் கிரைசோடைல். நாட்டுக்குள் கல்நார்ச் சுரங்கங்களுக்குப் புதிய உரிமம் தருவதை 1980களிலேயே நிறுத்திவிட்ட இந்தியா, அதை ரஷ்யா போன்ற நாடுகளிலிருந்து இறக்குமதி செய்து ஷீட் தயாரிப்பதைத் தொடர்கிறது. எத்தனை வீடுகளில் இந்தக் கூரை இருக்கிறது என்பதற்கு நேரடியான கணக்கு இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தகரம், பிற உலோகம், கல்நார் மூன்றையும் ஒரே கட்டத்தில் போட்டு எண்ணியது. தகரக் கூரைக்கும் கல்நார்க் கூரைக்கும் உடல்நலத்தில் உள்ள வேறுபாடு அந்தப் படிவத்துக்கு ஒரு பொருட்டாகவே இல்லை.

'தொடாதவரை தீங்கில்லை'

மிகப் பழையதும் இன்றும் மிகுந்த செல்வாக்கு உள்ளதுமான பதில் இது. நார் சிமெண்டுக்குள் இறுகிக் கிடக்கிறது, உடைத்தாலோ அறுத்தாலோ தவிர அது காற்றில் கலக்காது, ஆகவே முறையாகக் கையாண்டால் போதும் என்பதே இதன் சாரம். உலகத் தொழிலாளர் அமைப்பின் 1986ஆம் ஆண்டு 162ஆவது உடன்படிக்கை நீலக் கல்நாரையும் கல்நார்த் தெளிப்புப் பூச்சையும் விலக்கி, மற்றவற்றைக் கட்டுப்பாட்டோடு பயன்படுத்த இடம் வைத்தது. இந்திய உச்ச நீதிமன்றம் 1995 ஜனவரியில் வழங்கிய தீர்ப்பும் ஏறக்குறைய இதே தடத்தில் சென்றது. கல்நார் ஆலைத் தொழிலாளரின் உடல்நலம் வாழ்வுரிமையின் பகுதி என்று சொல்லி, வேலையில் சேர்ந்ததிலிருந்து 40 ஆண்டுகள் அல்லது ஓய்வுக்குப் பின் 15 ஆண்டுகள் வரை மருத்துவப் பதிவுகளைப் பாதுகாக்க ஆணையிட்டது, தடை விதிக்கவில்லை. முழுத் தடை கோரிய மனு ஒன்றை 2011இல் அதே நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

இந்த நிலைப்பாட்டில் உண்மை இருக்கிறது. விரிசல் விடாத ஷீட்டின் கீழ் உட்கார்ந்திருப்பதும் கல்நார் ஆலையில் மூட்டை பிரிப்பதும் ஒன்றல்ல. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவது வீட்டாரை வீணாகக் கலங்கடிக்கும். ஆனால் இது நம்பியிருக்கும் 'தொடாத கூரை' நம் ஊர்களில் எங்கே இருக்கிறது? ஷீட்டைச் சட்டத்தோடு பிணைக்கும் கொக்கி போல்ட்டுக்காக ஒவ்வொரு ஷீட்டிலும் துளை போடுகிறார்கள். ஓரத்தைச் சரிசெய்யக் கட்டிங் மெஷினை ஓட்டுகிறார்கள். நாரை நுண்ணிய தூளாக்கிப் பறக்கவிடுவதில் அந்த மெஷினை மிஞ்சும் கருவி குறைவு. செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் ஆடிக் காற்று ஷீட்டை ஆட்டி, போல்ட்டைச் சுற்றிய துளையைப் பெரிதாக்குகிறது. பொங்கலுக்கு முன் ஒட்டடை அடிக்கும்போதும் வெள்ளையடிக்கச் சுரண்டும்போதும் உட்புறம் உராய்கிறது. இதற்கெல்லாம் மேலாக, நம்மிடம் ஷீட் ஒருமுறை மட்டும் பயன்படுவதில்லை. வீட்டிலிருந்து இறங்கியது மாட்டுத் தொழுவத்துக்குப் போகிறது, அங்கிருந்து குளியலறை மறைப்பாகிறது, கடைசியில் உடைந்து புறவாசல் பாதையில் மிதிபடுகிறது.

வெயிலும் மழையும் சேர்ந்து சிமெண்டைக் கரைக்கின்றன. மேற்பரப்பில் நார் தலைநீட்டத் தொடங்குகிறது. பழைய கல்நார்க் கூரைகளிலிருந்து நார் காற்றிலும் மழைநீரிலும் வெளியேறுவதை 1980களில் ஜெர்மானிய ஆய்வாளர்கள் அளந்து காட்டினார்கள். நெடுநாளான ஒரு ஷீட்டின் கீழ்விளிம்பை உற்றுப் பார்த்தால் இதை ஓரளவு கண்ணாலேயே காணலாம். பரப்பு வழவழப்பை இழந்து சொரசொரப்பாகியிருக்கும், கரும்பாசி படிந்திருக்கும், உடைந்த இடத்தில் பஞ்சின் ஓரம்போல வெளுத்த நார்க்கற்றை தெரியும். அந்த விளிம்பிலிருந்து மழைத்தண்ணீர் சொட்டும் மண்வரிசையில்தான் குழந்தைகள் விளையாடுகிறார்கள், மண் காய்ந்ததும் விளக்குமாறு அதைக் கிளப்புகிறது.

வெள்ளைக் கல்நார் வேறா?

அடுத்த பதில் கனிமத்தின் வகையைப் பற்றியது. 1960இல் வாக்னரும் உடன் ஆய்வாளர்களும் தென்னாப்பிரிக்காவின் நீலக் கல்நார்ச் சுரங்கப் பகுதியில், நுரையீரல் உறையில் வரும் மீசோதீலியோமா என்ற அரிய புற்றுநோயை நாரோடு தொடர்புபடுத்தினார்கள். அதன்பிறகு நீலமும் பழுப்பும்தான் கொடியவை, வெள்ளை சாது என்ற வாதம் எழுந்தது. வெள்ளை நார் சுருண்டது, நுரையீரலில் விரைவாகச் சிதைவது என்பது அதற்கு ஆதாரமாகக் காட்டப்பட்டது. இதில் பொய்யில்லை. ஹாட்சன், டார்ன்டன் இருவரும் 2000ஆம் ஆண்டில் பல தொழிலாளர் குழுக்களின் தரவுகளைத் திரட்டிப் பார்த்தபோது, மீசோதீலியோமா வரும் ஆபத்து வெள்ளைக்கு 1 என்றால் பழுப்புக்கு 100, நீலத்துக்கு 500 என்ற அளவில் இருக்கும் எனக் கணித்தார்கள்.

ஆனால் குறைவு என்பது இல்லை என்றாகாது. உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012இல் வெளியிட்ட மறுமதிப்பீட்டிலும் எல்லா வகைக் கல்நாரும் மனிதருக்குப் புற்றுநோய் தருபவை என்ற முதல் பிரிவிலேயே வைக்கப்பட்டன. நுரையீரல், குரல்வளை, சினைப்பை ஆகியவற்றில் வரும் புற்றுநோய்களும் அந்தப் பட்டியலில் உள்ளன. புகைபிடிப்பவருக்கு நுரையீரல் புற்றுநோய் ஆபத்து பன்மடங்காகிறது. கல்நாருக்கு வேலையிடத்தில் ஆளானதால் ஆண்டுக்கு 2 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறப்பதாக அந்த அமைப்பு மதிப்பிடுகிறது.

இந்த விவாதத்தை அறிவியல் மட்டும் நடத்தவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அபாய வேதிப்பொருட்களுக்கான ராட்டர்டாம் உடன்படிக்கையில் வெள்ளைக் கல்நாரைப் பட்டியலிடும் முயற்சி 2006 முதல் தடுக்கப்பட்டு வருகிறது. 2011இல் பட்டியலிட ஆதரவு தெரிவித்த இந்தியா, 2013இல் மறுத்தது. இலங்கை 2018 முதல் கல்நாரைக் கட்டுப்படுத்தத் திட்டமிட்டிருந்தது. 2017 டிசம்பரில் தேயிலைப் பெட்டியில் வண்டு இருந்ததாகச் சொல்லி ரஷ்யா இலங்கைத் தேயிலையை நிறுத்தியதும் கொழும்பு அந்தத் திட்டத்தைத் தள்ளிவைத்தது. வீட்டாரைப் பொறுத்தவரை இந்த விவாதத்திலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: ஷீட்டில் இருப்பது எந்த வகை நார் என்பதைத் துல்லியமாக அறிந்தாலும், அவர்கள் செய்ய வேண்டியதும் தவிர்க்க வேண்டியதும் பெரிதாக மாறப்போவதில்லை.

'எல்லாவற்றையும் ஆய்வகத்துக்கு அனுப்பு'

அமெரிக்கா 1986இல் பள்ளிக் கட்டடங்களைக் கல்நாருக்காக ஆராய்வதைச் சட்டமாக்கியது. பிரிட்டன் பின்னர் கட்டடப் பொறுப்பாளர்கள்மீது அந்தக் கடமையைச் சுமத்தியது. அந்த மரபிலிருந்து வந்தது மூன்றாவது பதில்: சந்தேகப்படும் ஒவ்வொரு பொருளிலும் சிறு துண்டெடுத்து நுண்ணோக்கியில் பார். இதற்குப் பயன்படுவது முனைவாக்க ஒளி நுண்ணோக்கி. ஷீட்டுத் துணுக்கைப் பொடித்து, நாரைப் பற்றியிருக்கும் சிமெண்டை நீர்த்த அமிலத்தால் கரைத்து, பிரிந்த நாரை 1.550 ஒளிவிலகல் எண் கொண்ட எண்ணெயில் வைக்கிறார்கள். வெள்ளைக் கல்நார் என்றால், நார் ஒரு திசையில் கிடக்கும்போது கருஞ்சிவப்பாகவும் மேடையைத் திருப்பியதும் நீலமாகவும் நிறம் காட்டும். ஷீட்டில் காகிதக் கூழ் இழைகளும் கலந்திருக்கும். பழகாத கண்ணுக்கு அவையும் இப்படி மின்னும். எனவே பார்ப்பவரின் பயிற்சிக்கும் கருவிக்கும் சமமான மதிப்பு உண்டு.

இந்த முறை நம்பகமானது. ஷீட்டில் உள்ள 8, 10 விழுக்காட்டை அது தவறவிடுவது அரிது. பலவீனம் நுண்ணோக்கியில் இல்லை, துண்டெடுப்பதில் இருக்கிறது. கூரையில் மாதிரி எடுக்க ஏறுகிறவர் முதலில் எதிர்கொள்வது நாரை அல்ல, உயரத்தை. கல்நார் ஷீட் ஆளின் எடையைத் தாங்கும் என்று நம்பிக் கால்வைத்து, உடைந்து விழுந்து இறந்த தொழிலாளர்கள் எல்லா நாடுகளிலும் உண்டு. நாற்பது ஆண்டுகளுக்குப் பின் வரக்கூடிய நோயைக் கண்டறியப் போய் அன்றைக்கே உயிரை விடுவது எந்தப் பாதுகாப்புக் கணக்கிலும் சேராது. அதோடு, நன்றாக இருக்கும் ஷீட்டை மாதிரிக்காக உடைப்பது இல்லாத ஆபத்தை உண்டாக்குவதாகும்.

கூரையைத் தொடாமலே கிடைக்கும் தகவல் ஒன்று உண்டு. அதைச் சொல்வோர் குறைவு. தரமுத்திரை பெற்ற ஷீட்டில் இந்தியத் தர எண் அச்சிட்டிருக்கும். ஐ.எஸ். 459 என்றால் அது கல்நார் சிமெண்ட் ஷீட். ஐ.எஸ். 14871 என்றால் வேறு இழைகளால் ஆனது. மாற்று இழை ஷீட்டும் தோற்றத்தில் அச்சு அசலாக அதே சாம்பல் அலைதான் என்பதால் இந்த எண் முக்கியம். கீழே நின்று செல்போனில் படமெடுத்துப் பெரிதாக்கினால் உட்புற அச்சு பல வீடுகளில் படிக்கக் கிடைக்கும். கடைக்காரரின் ரசீதும் உதவும். அச்சு அழிந்த பழைய ஷீட் என்றால் கல்நார் என்றே கொள்ளலாம். நெருப்பில் போட்டுப் பார்ப்பது, எலுமிச்சைச் சாறு விட்டு நுரைக்கிறதா எனப் பார்ப்பது, தட்டி ஓசை கேட்பது போன்ற முறைகள் எதையும் நிரூபிப்பதில்லை. நுரைப்பது சிமெண்ட், எரியாததும் சிமெண்டுதான். நெருப்பிலிட்ட ஷீட் வெடித்துச் சிதறும் என்பதால் முதல் முறை ஆபத்தும்கூட.

காற்றை அளப்பது

பொருளை விட்டுவிட்டு மூச்சுக்காற்றையே சோதிக்கலாமே என்பது கேட்பதற்கு நியாயமான யோசனை. வடிதாள் வழியாகக் காற்றை இழுத்து, 5 மைக்ரானுக்கு மேல் நீளமுள்ள இழைகளை எண்ணும் முறை தொழிற்சாலைகளில் பல பத்தாண்டுகளாக நடக்கிறது. அமெரிக்காவின் வேலையிட வரம்பு ஒரு மில்லி லிட்டருக்கு 0.1 இழை. ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் தன் வரம்பை 0.01 ஆகக் குறைத்தது. வீட்டுக்கு இந்த முறை பொருந்துவதில்லை. சாதாரண எண்ணிக்கை முறையில் துணி இழை, காகித இழை, கல்நார் எல்லாம் ஒன்றாகவே எண்ணப்படும். பிரித்தறிய மின்னணு நுண்ணோக்கி வேண்டும். அதைவிட, காற்று அளவீடு அன்றைய சில மணி நேரத்தைத்தான் சொல்லும். மார்கழியில் அமைதியாக இருந்த வீடு ஆடிக் காற்றில் எப்படி இருக்கும், அடுத்த மாதம் பக்கத்து வளவில் ஷீட்டை உடைக்கும்போது எப்படி இருக்கும் என்பதை அது சொல்லாது. 'காற்றில் இல்லை' என்ற ஒரு தாள், இல்லாத நிம்மதியைத் தந்துவிடக்கூடும்.

'இருப்பதாகவே கொள்'

இந்தக் கடைசிப் பதில்தான் நம் நிலைமைக்கு மிக நெருக்கமானது என்பது என் மதிப்பீடு. தென்கொரியாவின் அனுபவம் நம்முடையதைப் போன்றது. 1970களில் சேமாவுல் இயக்கத்தின்போது கிராமங்களின் வைக்கோல் கூரைகளை அகற்றிக் கல்நார் ஷீட் போட அரசே ஊக்கம் தந்தது. 2009இல் கல்நாரைத் தடைசெய்த பின், அந்தக் கூரைகளை அகற்ற 2011 முதல் அரசே உதவித்தொகை தருகிறது. போலந்து 2032க்குள் நாட்டைக் கல்நார் அற்றதாக்கும் திட்டத்தை 2009இல் வகுத்தது. ஒவ்வொரு கூரையிலும் துண்டெடுத்து நிரூபித்த பிறகே அகற்றுவது என்று இருந்தால் இத்தகைய திட்டங்கள் நகரவே முடியாது. இன்ன வடிவம், இன்ன காலம் என்றால் கல்நார்தான் என்று கொண்டு, எண்ணி, நிலையை மதிப்பிட்டு, மோசமானதை முதலில் எடுப்பதே நடைமுறையில் சாத்தியமான வழி.

இதற்கும் பலவீனம் உண்டு. கையில் வழியில்லாதவரிடம் 'உன் கூரை ஆபத்து' என்று மட்டும் சொல்வது அச்சத்தைத் தருமே தவிரப் பாதுகாப்பைத் தராது. முக்கூடல், பொட்டல்புதூர், மேலப்பாளையம் போன்ற ஊர்களில் பெண்கள் நாள் முழுக்க வீட்டிலிருந்தே பீடி சுற்றுகிறார்கள். அவர்களுக்கு வீடுதான் தொழிற்கூடம். அதே கூரையின் கீழ் மற்றவர்களைவிட அதிக மணி நேரம் இருப்பவர்களும் அவர்கள்தான். அவர்களிடம் போய்க் கூரையை மாற்றச் சொல்வது யாருக்கும் உரிமையில்லாத அறிவுரை. ஆகவே 'இருப்பதாகக் கொள்' என்பதன் அடுத்த படி 'உடனே அகற்று' அல்ல, 'நிலையைப் பார்' என்பதுதான். கீழே நின்றே பார்க்கக் கூடியவை போதும்: விரிசல் எத்தனை, விளிம்பு உதிர்கிறதா, போல்ட் துளைகள் விரிந்திருக்கின்றனவா, உட்புறம் பூச்சு இருக்கிறதா, சமையல் பாத்திரத்துக்கு மேலோ தொட்டிலுக்கு மேலோ தூள் விழுகிறதா. உறுதியான ஷீட்டைத் தொடாமல் விட்டு, ஒட்டடையை ஈரத் துணியால் துடைத்து, உட்புறத்தை நனைத்து, சுரண்டாமலே பெயிண்ட் அடித்தால் நார் வெளிவருவதைப் பெருமளவு தடுக்கலாம். இது செலவு குறைந்த வேலை. ஆனால் இதைச் சொல்லித்தர ஆள் வேண்டும்.

ஆய்வகம் தேவைப்படும் இடங்கள்

ஆய்வகச் சோதனை உண்மையில் பயன்படும் தருணங்கள் மூன்று. வீட்டை இடிக்கவோ கூரையை மாற்றவோ போகும்போது, பலகைத் தடுப்பு, பொய்க்கூரை, பழைய கொதிகலன் உறை போன்ற ஐயத்துக்குரிய பொருள் இருந்தால் ஒன்று. பள்ளி, அங்கன்வாடி, மருத்துவமனை போன்ற பொதுக் கட்டடங்கள் இரண்டு. 2021 டிசம்பர் 17 அன்று திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்த பின், மாநிலம் முழுவதும் பழுதடைந்த பள்ளிக் கட்டடங்களை இடிக்க உத்தரவானது. அவசரம் நியாயமானதே. ஆனால் அப்படி இடிக்கும் இடங்களில் கல்நாரைத் தேடிப் பார்ப்பது நம் வழக்கத்தில் இல்லை. மூன்றாவது, ஷீட் விற்றவர் 'கல்நார் இல்லாதது' என்று சொல்லி, தர எண் இல்லாமல் தந்திருந்தால்.

இந்த இடங்களில் மாதிரியைப் பயிற்சி பெற்றவர் எடுக்க வேண்டும். அப்படி ஆள் கிடைக்காத நிலையில், ஏற்கெனவே உடைந்து கீழே கிடக்கும் துண்டுதான் பாதுகாப்பான மாதிரி. மின்விசிறியை நிறுத்தி, மற்றவர்களை வெளியே அனுப்பி, சோப்புக் கரைசல் கலந்த தண்ணீரைத் தெளித்து நனைத்த பிறகு, கட்டைவிரல் நகத்தளவு துண்டை இடுக்கியால் எடுத்து இரண்டு பிளாஸ்டிக் பைகளில் ஒன்றினுள் ஒன்றாக மூட வேண்டும். பைமேல் இடமும் தேதியும் எழுத வேண்டும். முகத்தில் கட்டும் துண்டோ துணி முகக்கவசமோ நாரைத் தடுக்காது, பி100 அல்லது எஃப்எஃப்பி3 தரத்தில் முகத்தோடு பொருந்தும் கவசம் வேண்டும். இடத்தை ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியையும் பையில் கட்ட வேண்டும். பெருக்கக் கூடாது. நன்றாக இருக்கும் ஷீட்டை இதற்காக உடைக்கவும் கூடாது.

மாதிரியை எங்கே அனுப்புவது? தொழில்சார் நோய்களுக்கான தேசிய நிறுவனம் அகமதாபாத்தில் இருக்கிறது, அதன் தென்மண்டல மையம் பெங்களூருவில். முக்கூடல்காரருக்கு இரண்டுமே தொலைவுதான். ஆனால் முனைவாக்க நுண்ணோக்கி அபூர்வக் கருவி அல்ல. புவியியல் துறை மாணவர்கள் பாறைத் தகடுகளைப் பார்க்கப் பயன்படுத்துவது அதே இனத்தைச் சேர்ந்த கருவிதான். தூத்துக்குடி வ.உ.சி. கல்லூரியில் புவியியல் துறை இருக்கிறது. ஆழ்வார்குறிச்சியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் சுற்றுச்சூழல் அறிவியல் மையம் இருக்கிறது. ஒளிவிலகல் எண்ணெய்களும், ஒப்பிட்டுப் பார்க்கச் சான்றளிக்கப்பட்ட மாதிரிகளும், தூசியை வெளியே விடாத கண்ணாடிப் பெட்டியும், சில வாரப் பயிற்சியும் கொடுத்தால் இந்தப் பள்ளத்தாக்குக்கு ஒரு சோதனை மையம் அமைக்கலாம். இது பெருந்தொகை கேட்கும் திட்டமல்ல.

'இதைவிடப் பெரிய பிரச்சினைகள் இல்லையா?'

இந்த எதிர்வாதம் நேர்மையானது. காசநோய், அடுக்களைப் புகை, புகையிலைத் தூசி, கோடை வெப்பம் ஆகியவை இன்றைக்கே வருத்துகின்றன. கல்நார் நோய் 20 முதல் 40 ஆண்டுகள் கழித்து வருவது. இதற்கு இரண்டு பதில்கள். ஒன்று, அந்தத் தாமதமே நோயை மறைக்கிறது. மீசோதீலியோமாவை உறுதிசெய்யத் திசுச் சோதனையும் சிறப்புச் சாயமேற்றலும் வேண்டும். மாவட்ட அளவில் 'நெஞ்சில் நீர்' என்று முடிந்துபோகும் நோயாளி, அடையாறு புற்றுநோய் நிலையம் நடத்தும் மாநிலப் புற்றுநோய்ப் பதிவேட்டில் சரியான பெயரோடு ஏறாமலே போகக்கூடும். பதிவில் குறைவாக இருப்பதை நோயே குறைவு என்பதற்குச் சான்றாகக் கொள்ள முடியாது. இரண்டு, ஆபத்தின் பெரும்பகுதி கீழே உட்காருவதில் அல்ல, அறுப்பதிலும் உடைப்பதிலும் இருக்கிறது. அந்த ஆபத்தைச் சுமப்பவர் கூரை போடும் தொழிலாளி. கட்டிங் மெஷினுக்குப் பதில் கைரம்பமும் ஒரு வாளித் தண்ணீரும் என்ற மாற்றம் மற்ற நோய்த் திட்டங்கள் எதன் பணத்தையும் பிடுங்காது.

ஆற்றுத் தண்ணீரைப் பழைய கல்நார் சிமெண்ட் குழாய்கள் கொண்டுவருவது குறித்த அச்சத்தையும் இங்கே சொல்லிவிடலாம். குடித்த நார் தீங்கு செய்கிறது என்பதற்குச் சீரான சான்று இல்லை என்று கூறி, உலகச் சுகாதார அமைப்பு குடிநீரில் இதற்கு வரம்பு வகுக்கவில்லை. அமெரிக்கா லிட்டருக்கு 70 லட்சம் நீள இழைகள் என்ற வரம்பை வைத்திருக்கிறது. குழாயில் கவனிக்க வேண்டியது தண்ணீரைவிட, பழுது பார்க்க அதை உலர்ந்த நிலையில் அறுக்கும் பணியாளரின் மூச்சைத்தான்.

உடைந்தவை போகும் இடம்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பதிவானது. தாமிரபரணி கரைபுரண்டது. அப்படியொரு வெள்ளத்தில் இடிந்த வீடுகளின் ஷீட்டுகள் சேற்றோடு சேர்ந்து தெருவில் கிடக்கும், பிறகு இடிபாட்டோடு சேர்த்து அள்ளப்படும். 2016ஆம் ஆண்டின் அபாயக் கழிவு விதிகள் கல்நார்ப் பொருள் உற்பத்தியில் வரும் கழிவைப் பட்டியலிடுகின்றன. கல்நார்க் கழிவை அகற்றும் பரிந்துரைகளை இந்தியத் தர அமைப்பு 1986லேயே வெளியிட்டது. ஆனால் ஒரு குடும்பம் இறக்கி வைத்த பத்து ஷீட்டுகளை எடுத்துச் செல்லும் ஏற்பாடு எதுவும் நடைமுறையில் அதன் வாசல்வரை வருவதில்லை. குளக்கரையும் ஓடையும் ராமையன்பட்டிக் குப்பைக் கிடங்கும்தான் எஞ்சுகின்றன. 2024 டிசம்பரில் கேரளத்து மருத்துவக் கழிவு நடுக்கல்லூர், கோடகநல்லூர் பகுதிகளில் கொட்டப்பட்டபோது மக்கள் கொதித்தார்கள். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்டது, லாரிகள் வந்து திரும்ப அள்ளிச் சென்றன. வெளியூர்க் கழிவுக்கு எழுந்த அந்தக் கவனம் உள்ளூர்க் கூரைத் துண்டுகளுக்கும் கிடைக்க வேண்டும்.

இன்னும் முடிவாகாதவை

உறுதியாகச் சொல்லக்கூடியவை ஓரளவு தெளிவாகியிருக்கின்றன. சில கேள்விகள் திறந்தே இருக்கின்றன. வெப்ப மண்டல வெயிலிலும் இரு பருவமழையிலும் ஷீட் எத்தனை ஆண்டில் நார் உதிர்க்கும் நிலைக்கு வருகிறது என்பதை ஐரோப்பிய அளவீடுகளை வைத்துத் தீர்மானிக்க இயலாது. நாள் முழுக்க ஷீட்டுக்குக் கீழே வேலை செய்பவரின் வாழ்நாள் ஆபத்து எவ்வளவு என்பதை, ஆலைத் தொழிலாளரிடம் கண்ட விகிதங்களைக் கீழ்நோக்கி நீட்டித்தே கணிக்கிறார்கள். அந்த நீட்டிப்பு மிகை என்போரும் உண்டு, குறை என்போரும் உண்டு. கல்நாருக்குப் பதிலாக வரும் பிற இழைகளின் நீண்டகால விளைவும் தொடர்ந்து ஆராய வேண்டியதே.

இந்தக் கேள்விகள் தீரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத வேலைகள் மூன்று. அடுத்த கணக்கெடுப்பிலாவது கல்நார்க் கூரையைத் தகரத்திலிருந்து பிரித்து எண்ண வேண்டும். திருநெல்வேலி, தூத்துக்குடி, தென்காசி மூன்று மாவட்டங்களுக்கும் பொதுவாக ஒரு சோதனை மையமும், இறக்கிய ஷீட்டை நனைத்துக் கட்டி ஒப்படைக்க ஊராட்சிதோறும் ஒரு நாளும் ஒரு வண்டியும் ஏற்பாடு செய்ய வேண்டும். கூரை வேலை செய்வோருக்கு அரசே பயிற்சியும் கவசமும் தர வேண்டும். அதுவரை, ஷீட் வீட்டில் இருப்பவர்கள் உறுதியான ஷீட்டில் துளை போடாமலும், மேலே ஏறாமலும், உடைந்ததை உலர்ந்த நிலையில் பெருக்காமலும் இருந்தாலே ஆபத்தின் பெரும்பங்கைத் தவிர்த்தவர்கள் ஆவார்கள்.